ஸ்கோப் (வயித்துக்குள்ள கேமராக் குழாய் விட்டுப் பார்க்கறது) ரிப்போர்ட் நார்மல், ஹீமோகுளோபின் மட்டும் ஏறவே இல்ல. நீங்க பார்த்த கேஸைச் சொல்லுங்க

எண்டோரூம்:
60 தாண்டிய விவசாயி. ஹீமோகுளோபின் 6.8, ஃபெரிட்டின் (உடம்புல இருக்கற இரும்புச் சேமிப்போட அளவு) 6. ரத்தம் ஏத்தினா ஏறும், ரெண்டு மூணு மாசத்துல இறங்கிடும். மலத்துல மறைரத்தம் நெகட்டிவ். மேல் ஸ்கோப், கீழ் ஸ்கோப் ரெண்டும் நார்மல், கடைசி வரியில மட்டும் "ஹையாட்டஸ் ஹெர்னியா, 5 செ.மீ.", அதாவது இரைப்பையோட மேல்பகுதி உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுக்குள்ள ஏறியிருக்கு. யாரும் கண்டுக்கல. மறுபடி போட்டப்ப நுனியை இரைப்பைக்குள்ளயே யூ-டர்ன் அடிச்சுப் பார்த்தாங்க. உதரவிதானம் இறுக்கிப் பிடிக்கிற இடத்துல, மடிப்போட முகட்டுல நீளவாக்கில மூணு சிவப்புக் கோடு, ஒண்ணுல கருப்பா ரத்தக்கட்டி. இதுக்குப் பேர்தான் கேமரன் புண். அவசரமா உள்ள போய் வெளிய வந்தா கண்ணுல படாது. அமிலம் குறைக்கிற மாத்திரை ஆரம்பிச்சதும் இரும்பை ஊசிக்கு மாத்திட்டாங்க. அமிலம் குறைஞ்சா மாத்திரை இரும்பு சரியா உறிஞ்சாது.

குடல்டாக்டர்:
ஹெர்னியா தெரிஞ்சதும் பழியை அதுமேல போட்டுட்டு ஃபைலை மூடிடாதீங்க. கீழ் ஸ்கோப்புல சீக்கம் (பெருங்குடலோட தொடக்கம், வலப்பக்கம் இருக்கு) வரைக்கும் போனாங்களா? அப்பெண்டிக்ஸ் துவாரம் போட்டோவுல இருக்கா? அதை முதல்ல கேளுங்க. ஒரு அம்மாவுக்கு இரும்பு மாத்திரையை நிறுத்தாமலே கொலனோஸ்கோபி (கீழ் ஸ்கோப்) பண்ணியிருந்தாங்க. வலப்பக்கம் பூரா தார் மாதிரி ஒட்டின மலம். நிறுத்திட்டுத் திரும்பப் பார்த்தா சீக்கத்துல கட்டி. அங்க மலம் தண்ணியாத்தான் இருக்கும், கட்டி பெருசானாலும் சீக்கிரம் அடைக்காது. பல பேருக்கு ரத்தசோகைதான் முதல் அறிகுறி. அதனால இரும்பை 7 நாள் முன்னாடியே நிறுத்தணும். பேதி மருந்துல பாதி முந்தின சாயங்காலம், மீதி ஸ்கோப்புக்கு 4-6 மணி நேரம் முன்னாடி. மொத்தத்தையும் ராத்திரியே குடிச்சா காலையில வலப்பக்கம் மறுபடி பித்தமும் சளியும் படிஞ்சிடும். சிறுகுடல் பார்க்க அழகா இருந்தாலும் ரெண்டாம் பகுதியில 4, பல்ப்ல (சிறுகுடலோட ஆரம்பப் பகுதி) 2 பயாப்ஸி (சதைத் துணுக்கு) எடுக்கணும். சீலியாக் (கோதுமைப் புரதம் ஒத்துக்காத குடல்நோய்) ரத்தப் பரிசோதனையோட மொத்த ஐஜிஏவும் (ஒரு எதிர்ப்புப் புரதம்) கேளுங்க. அது குறைவா இருந்தா டிடிஜி (அந்த சீலியாக் ரத்த டெஸ்ட்) பொய்யா நெகட்டிவ் வரும். எச் பைலோரிங்கற இரைப்பைக் கிருமிக்கு யூரேஸ் டெஸ்ட் பார்க்கறதுன்னா அமில மாத்திரை 2 வாரம், ஆன்டிபயாட்டிக் 4 வாரம் நிறுத்தியிருக்கணும்.

லேப்காரன்:
டாக்டர் சார், விவசாயின்னு சொல்லியும் ரெண்டு பேருமே குடல்ல ரத்தம் உறிஞ்சற கொக்கிப்புழுவை மறந்துட்டீங்க. ஒரு தோட்டத் தொழிலாளிக்கு மலப் பரிசோதனை மூணு முறை நெகட்டிவ். கடைசியில கேப்சூல் கேமராவுலதான் சிறுகுடல் சுவரைக் கவ்விட்டு நெளியிறது தெரிஞ்சது. மலத்துல புழு முட்டை தேடற கேட்டோ-காட்ஸ் ஸ்லைடைப் போட்டுட்டு சாப்பிடப் போயிட்டா கொக்கிப்புழு முட்டை கிளிசரின்ல கரைஞ்சு மறைஞ்சிடும். 30-60 நிமிஷத்துக்குள்ள பார்த்தாகணும். அப்புறம், எண்டோரூம் சொன்ன அந்த மறைரத்தம் எந்த டெஸ்ட்? மனித ரத்தத்தோட குளோபின் புரதத்தைத் தேடற எஃப்ஐடின்னா, இந்த மாதிரி இரைப்பைப் புண்ணுக்கு நெகட்டிவ்ல அர்த்தமே இல்ல. இரைப்பையில கசியற ரத்தத்தோட குளோபின் வழியிலயே செரிச்சுப் போயிடும்.