'கான்ஃபெடரேஷன்': சாஹெல் நாடுகளுக்குப் பொருந்தும் சொல் எது?

வணக்கம். எங்கள் செய்தி அகராதிக்கு இரண்டு ஐயங்கள். சஹாராவுக்குத் தெற்கே உள்ள சாஹெல் பகுதியில் மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் 2023 செப்டம்பர் 16 அன்று லிப்டாகோ-கூர்மா சாசனத்தில் கையெழுத்திட்டன. ஒன்றைத் தாக்கினால் மூன்றையும் தாக்கியதாகக் கொள்வார்கள். இதற்குக் 'கூட்டணி' போதும். 2024 ஜூலை 6 அன்று நைஜர் தலைநகர் நியாமேயில் அதையே 'கான்ஃபெடரேஷன்' ஆக்கினார்கள். 'கூட்டாட்சி' என்று எழுதலாமா? மூன்றிலும் ராணுவத்தினர் ஆட்சியைப் பிடித்ததற்கு 'ராணுவப் புரட்சி' சரிதானா?

*

கூட்டாட்சி வேண்டாம் ஐயா. அது 'ஃபெடரேஷன்'; வெளியுலகுக்கு ஒரே நாடு. இங்கே மூன்று நாடுகள், ஐ.நா.வில் மூன்று இருக்கைகள். 'கூட்டரசு' மலேசியாவில் போய்விட்டது (கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம்). 'கூட்டமைப்பு' வணிகர் சங்கம்வரை எல்லாவற்றுக்கும் ஆகிவருகிறது.

என் பரிந்துரை 'அரசிணைவு'. 'அரசிணைப்பு' அல்ல. இணைத்தல் பிறவினை, கிரீமியாவை ரஷ்யா செய்தது இணைப்பு. இணைதல் தன்வினை, தானே வந்து சேர்வது. ஒட்டுச்சொற்களும் உறுத்தவில்லை: அரசிணைவு ஒப்பந்தம், அரசிணைவுப் படை, அரசிணைவுக் கடவுச்சீட்டு.

'புரட்சி' கூடவே கூடாது. மாலியில் 2021 மே மாதம் ராணுவ அதிகாரி கோய்ட்டா இறக்கியது, 2020 கவிழ்ப்புக்குப் பின் அமைந்த இடைக்கால அதிபரை. இதில் மக்கள் எழுச்சி எங்கே? 'ராணுவ ஆட்சிக் கவிழ்ப்பு' என்று போடுங்கள்.

*

அந்தத் தொடரில் ஒரு கண்ணி இருக்கிறது. ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்ததா, ராணுவ ஆட்சி கவிழ்ந்ததா? புர்கினா ஃபாசோவில் 2022 ஜனவரியில் நடந்தது முதலாவது. அப்போது ஆட்சிக்கு வந்த ராணுவ அதிகாரி டமிபாவை, அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று இன்னொரு ராணுவ அதிகாரி டிராவோரே இறக்கியபோது இரண்டுமே. தவிர, கட்சி தாவிச் சட்டமன்றத்தில் அரசைச் சாய்த்தாலும் நம் பத்திரிகைகளுக்கு அது ஆட்சிக் கவிழ்ப்புதான். கவிழ்த்தவரே நாற்காலியில் உட்காருவது அச்சொல்லில் இல்லை. 'பறிப்பு' அதைச் சொல்கிறது. முதல்முறை 'படைவழி ஆட்சிப்பறிப்பு', பிறகு 'ஆட்சிப்பறிப்பு' போதும்.

அரசிணைவு எனக்குச் சம்மதம். ஆனால் மூன்றும் ஒரே நாடாகிவிட்டன என்று படிக்கும் ஆபத்து உண்டு. முதல் இடத்தில் 'இறையாண்மை நாடுகளின் அரசிணைவு' என்று விரித்துவிடலாம். 'சாஹெல் நாடுகளின் கூட்டணி' என்பதன் பிரெஞ்சுச் சுருக்கமான ஏ.இ.எஸ். நீடிப்பதால் பெயரில் கூட்டணி இருக்கட்டும். அரசிணைவு அதன் வகை. இப்படி வரும்:

"2023 ஜூலை 26 அன்று நைஜரில் படைவழி ஆட்சிப்பறிப்பு நிகழ்ந்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் அமைப்பான எக்கோவாஸ் படையெடுப்பதாக மிரட்ட, மூன்று நாடுகளும் கூட்டணி கண்டு, மறு ஆண்டு அரசிணைவாயின. 2025 ஜனவரி 29 அன்று எக்கோவாஸிலிருந்து விலகின. பொது நாணயமான சிஎஃப்ஏ பிராங்கை விடவில்லை."

*

'மிரட்ட' செய்திக்குக் காரம். 'எச்சரிக்க' என்று மாற்றிக்கொள்கிறேன். மற்றவை அப்படியே அகராதிக்குப் போகட்டும்.