புதுப்பிப்பு: பால் தேத்தண்ணி ஒருவழியாகச் சரிவந்தது

போன கிழமை, அடுப்பில் காய்ச்சும் பால் தேத்தண்ணி வெளிறிப்போகிறது, இஞ்சி போட்டால் பால் திரைகிறது என்று புலம்பியிருந்தேன். இரண்டும் தீர்ந்தன.

வெளிறியதற்குப் பிழை தேயிலையில்தான். நான் பாவித்தது நுவரெலியாத் தேயிலை. பிளேன்ரீக்கு, அதாவது பால் விடாத தேத்தண்ணிக்கு அருமை, பாலில் காணாமல் போய்விடும். கொழும்பு வெள்ளவத்தையில், தென்னிலங்கையின் காலி, மாத்தறைப் பக்கத்துத் தேயிலைத் தூள் வாங்கினேன். நல்ல கறுப்புச் சாயம்.

அரைக் கப் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டித் தூள், தட்டிய இஞ்சி; 5 நிமிடம் நன்றாகக் கொதிக்க வேண்டும். பச்சை இஞ்சியிலுள்ள நொதியம்தான் பாலைத் திரைய வைப்பது, கொதித்தால் அது செயலிழந்துவிடும். அப்புறம்தான் ஒன்றரைக் கப் பசும்பால், சிறுதீயில்.

பால்மாவிலும் போட்டுப் பார்த்தேன். குடிக்கலாம், ஆடை படியாது.

அம்மா மட்டும் இன்னும் “சாயம் கூடிப்போச்சு” என்கிறார்.