உயிரோடு இருக்கும் சங்கைப் பார்த்தவர்கள் உண்டா?

போன மாசியில் மண்டபம் கடற்கரையில் ஆட்டுக்கொம்பு மாதிரி ஒன்று கிடந்தது. ஒரு சாண் நீளம், வளையம் வளையமாக, வெளிர் மஞ்சள். கனமே இல்லை, அழுத்தினால் தோல் போல வளைந்தது. பிளாஸ்டிக் குப்பை என்று வீசப்போனேன். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர், "அது சங்கு முட்டைக்கூடு தம்பி, வீசிறாதீக" என்றார். கத்தியால் ஒரு அறையைக் கீறிக் காட்டினார். உள்ளே குட்டிச் சங்குகள், என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னவை. சுருள், மூக்கு எல்லாம் பெரிய சங்கில் இருப்பது போலவே. பல கடல் நத்தைகளின் குஞ்சுகள் கொஞ்ச நாள் தண்ணீரில் மிதந்து திரியும். சங்குக்கு அந்தப் பருவமே இல்லை, கூட்டை விட்டு வந்ததும் மணலில் ஊர ஆரம்பித்துவிடும். ஒரு இடத்தை வாரி எடுத்துவிட்டால் அங்கே மறுபடி பெருக நாளாவது இதனால்தான்.

பெரிய சங்கை உயிரோடு பார்த்தவர்கள் எழுதுங்கள். பூஜை அறைச் சங்கு கணக்கில் வராது!

*

தூத்துக்குடிக்காரன். அப்பா முப்பது வருடம் சங்கு குளித்தவர். பள்ளி விடுமுறையில் நானும் தோணியில் போவேன். முதல் தடவை அவர் பையைக் கொட்டியபோது எனக்குப் பெரிய ஏமாற்றம், வெள்ளையாக ஒன்றுகூட இல்லை. எல்லாம் பழுப்புத் தோல் போர்த்தி, காய்ந்த பனங்காய் மாதிரி கிடந்தன. அந்தத் தோலை எடுத்த பிறகுதான் நாம் பார்க்கும் வெள்ளை.

ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் அசைவில்லை. அப்புறம் வாயை அடைத்திருந்த தடித்த மூடி மெல்ல விலகி, சதை வெளியே வந்தது. விரலால் தொட்டேன், அவ்வளவுதான், உள்ளே இழுத்துச் சாத்திக்கொண்டது. அன்று மாலைவரை திறக்கவில்லை.

பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத் திட்டுக்கு, மேலே தேடினால் சங்கு கிடைக்காது. பாருக்குப் பக்கத்து மணல் தரைதான் அதற்கு வீடு, எட்டு பத்துப் பாகம் ஆழம் (ஒரு பாகம் சுமார் ஆறடி). மணலுக்குள் இருக்கும் புழுக்கள்தான் அதன் சாப்பாடு. பாதி புதைந்து கிடக்கும், ஊர்ந்த தடத்தைப் பார்த்துப் போய்த்தான் அப்பா எடுப்பார். கரையில் அளவு வளையம் வைத்துப் பார்ப்பார்கள். அதில் நுழைகிற சின்னச் சங்கு திரும்பக் கடலுக்கு, பெரியது வளையல் அறுக்க வங்காளத்துக்கு.

*

மன்னார். இங்கே கடலட்டை குளிக்கப் போகிறவர்கள் கண்ணில் பட்டால் சங்கும் எடுத்து வருவார்கள். சதையை எங்கள் அம்மம்மா கறி வைப்பா. நல்லா அவியவேணும், இல்லாவிட்டால் ரப்பர்தான்.

*

என் கதை கொஞ்சம் வெட்கக்கேடு. யாத்திரை போன ஊரில் ஒரு கடையில் வலம்புரி என்று நல்ல விலை கொடுத்து வாங்கினேன். ஊதுகிற முனை மேலே இருக்க, வாய் நம்மைப் பார்க்கப் பிடித்தால் சாதாரணச் சங்குக்கு வாய் வலப்பக்கம் இருக்கும், வலம்புரிக்கு இடப்பக்கம். என்னுடையது இடப்பக்கம்தான், ஆக சந்தேகமே வரவில்லை. விலங்கியல் படித்த மைத்துனர் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்து, "மச்சான், மடிப்பையே காணோமே" என்றார். நம் சங்கின் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் விரலில் தட்டுப்படும். இதில் வழவழவென்று இருந்தது. அமெரிக்கக் கரையோரம் வாழும் வேறொரு நத்தையாம். அந்த இனத்துக்கே வாய் இடப்பக்கம்தானாம்! எங்கள் வீட்டில் அது இப்போது பேப்பர் பறக்காமல் இருக்க உதவுகிறது.

தூத்துக்குடி அண்ணே, உங்கள் அப்பா நிஜ வலம்புரி எடுத்திருக்கிறாரா?

*

ஒன்றுகூட இல்லை தம்பி. ஆனால் தோணியில் ஏறியதும் மூச்சு வாங்கிக்கொண்டே ஒவ்வொரு சங்கையும் திருப்பி வாயைப் பார்ப்பார். கடலுக்குப் போன கடைசி நாள்வரை அதை விடவில்லை.