‘கார்பே டியம்’ சொன்னவர் சொகுசுப் பேர்வழியா?

அம்மாப்பேட்டை தறிக்காரன்:
கடைவீதியில் மகள் வாங்கி வந்த டீ-ஷர்ட்டில் ‘கார்பே டியம்’ என்று போட்டிருக்கிறது. லத்தீனாம், ‘இன்றைக்கே அனுபவி’ என்று அர்த்தமாம். அப்போ சீட்டுப் பணம் கட்ட வேண்டாமா என்று கேட்டேன், வீட்டில் சண்டை. எழுதியவர் உட்கார்ந்து சாப்பிட்ட பணக்காரரா?

நாகலூர் ரைட்டர்:
தம்பி, எழுதியவர் ஹொரேஸ், ரோமானியக் கவிஞர். எஸ்டேட் பங்களாவில் கரையான் மிச்சம் வைத்த மொழிபெயர்ப்பு ஒன்றில் படித்தேன். ‘கார்பே’ என்றால் பறி. பூவையும் பழத்தையும் பறிக்கிற பறி. முப்பது வருஷம் காபித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தவனுக்கு அது உடனே பிடிபட்டது. மார்கழிக் குளிரில் சிவந்த பழத்தை மட்டும் பறிப்பார்கள். காயை விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்து அடுத்த சுற்று வருவார்கள். பழுத்ததை விட்டால் உதிர்ந்து மண்ணுக்குத்தான்.

அது வருகிற பாட்டே எட்டு வரிதான். மதுவை வடிகட்டு, நீண்ட ஆசையைக் கவாத்து வெட்டு, இன்றைய நாளைப் பறி. எல்லாம் தோட்டத்து வேலை! பாபிலோனியர் கணக்குப் போட்டு ஆயுசு பார்க்காதே என்றும் வருகிறது, அதாவது ஜாதகம்.

பணக்காரரா? அப்பா அடிமையாக இருந்து விடுதலையானவர், ஏலத்தில் காசு வசூலித்தவர். மகனை ரோமுக்குக் கூட்டிப்போய், வாத்தியார் வாத்தியாராகக் கூடவே நடந்து படிக்கவைத்தார். கி.மு. 42இல் ரோமானியர்களுக்குள்ளேயே நடந்த பிலிப்பி போரில் மகன் தோற்ற கட்சி. கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடியதை அவரே பாட்டில் எழுதியிருக்கிறார். திரும்பி வந்தால் அப்பாவின் நிலம் இல்லை. அப்புறம் கருவூலத்தில் எழுத்தர் வேலை. நம்ம ஆள்தான், போங்கள்.

ஏற்காடு டியூஷன்:
ஐயா, பாதியில் நிறுத்திவிட்டீர்கள். வெர்ஜில் என்ற இன்னொரு கவிஞர் அறிமுகம் செய்து மெசீனாஸ் என்ற பெரிய மனிதரின் ஆதரவு கிடைத்தது, ரோமுக்குப் பக்கத்துச் சபைன் மலையில் பண்ணையும் வந்தது. கிரேக்கச் சந்தங்களை லத்தீனில் இறக்கிய பாடல்களை, மூன்று தொகுதிகளாக கி.மு. 23இல் வெளியிட்டார். கார்பே டியம் அதில்தான் வருகிறது. அந்தப் பண்ணையில் வேலை செய்தது எட்டு அடிமைகள். அதுவும் அவர் எழுதியதிலிருந்துதான் தெரிகிறது. அடிமையாக இருந்தவரின் மகன்!

அம்மாப்பேட்டை தறிக்காரன்:
சரி, மகளிடம் ‘பறி’ என்று சொல்லிவிட்டேன். ஜாதக விஷயத்தை மட்டும் சொல்லவில்லை, வீட்டுக்காரி பொருத்தம் பார்க்கக் கொடுத்திருக்கிறாள்.

நாகலூர் ரைட்டர்:
டியூஷன் தம்பி சொன்னது உறைக்கிறது. நானும் பழம் பறித்ததில்லை, எடை பார்த்து நோட்டில் ஏற்றியதோடு சரி. பறித்தது என் வீட்டுக்காரிதான். இதைப் படித்துக் காட்டினேன். “எட்டுப் பேர் போதுமாமா அந்தத் தோட்டத்துக்கு?” என்று கேட்கிறாள்.