2,499 ரூபாய் சார்ஜிங் டாக்: வாங்கலாமா, கேபிளே போதுமா?

மேசைவாசி:
கட்டில் பக்கத்து மேசைக்கு மூன்று சாதனம் வைக்கிற மாதிரி ஒரு டாக் (வைத்தாலே சார்ஜ் ஆகும் தாங்கி) பார்த்து வைத்திருக்கிறேன். காந்தம் உண்டு, பெட்டியில் ‘15 வாட்’ என்று போட்டிருக்கிறது, விலை 2,499. வைக்கப்போவது ஐபோன் 15, ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 9, ஏர்பாட்ஸ் ப்ரோ 2. வீட்டில் இன்னொரு போன் கேலக்ஸி ஏ வரிசை. அதையும் இதில் வைக்க முடியுமா? கையில் ஒரு 20 வாட் அடாப்டரும் ஒரு சி-டு-சி (இரண்டு முனையும் யூஎஸ்பி-சி) கேபிளும் இருக்கிறது. கொடுக்கிற காசுக்குத் தகுமா?

கழற்றிப்பார்:
தகாது ப்ரோ.

கேலக்ஸி ஏ வரிசையில் வருகிற போன்களில் வயர்லெஸ் சார்ஜை வாங்குற காயிலே (கம்பிச் சுருள்) கிடையாது. நாள் பூரா டாக் மேல வெச்சாலும் ஒரு சதவீதம் ஏறாது. அது கணக்கிலிருந்து போச்சு.

அடுத்து அந்த ‘15 வாட்’. காந்தம் இருந்தா மட்டும் ஐபோனுக்கு 15 கிடைச்சுடாது. சாதா வயர்லெஸ் பேடில் ஐபோன் 7.5 வாட்டுக்கு மேல வாங்காது. 15 வேணும்னா டாக் ஆப்பிளோட காந்த வயர்லெஸ் முறையான மேக்சேஃபா இருக்கணும், இல்ல க்யூஐ2ங்கிற பொது வயர்லெஸ் தரத்துக்குச் சான்று வாங்கியிருக்கணும். ‘மேக்சேஃப் கம்பேட்டிபிள்’னு மட்டும் போட்டிருந்தா ‘போன் ஒட்டிக்கும்’னு அர்த்தம், அவ்வளவுதான்.

உங்க 20 வாட் அடாப்டரில் கேபிளை நேரா சொருகினா அரை மணி நேரத்தில் சுமார் பாதி ஏறிடும். அடியில் கேபிள் நுழைய ஓட்டை வெச்ச பிளாஸ்டிக் ஸ்டாண்டு 150 ரூபாய்க்குக் கிடைக்குது. அதில் போனை நிறுத்தி கேபிளைச் சொருகுங்க, டாக் ரெடி. மிச்சம் 2,349.

ஓம்விதி:
பெட்டி எழுத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் கட்டில் பக்கத்து டாக்கை வேகத்தை வைத்து அளப்பது தப்பான அளவுகோல். ஐபோன் 15-இன் பேட்டரி சுமார் 13 வாட்-மணி. 7.5 வாட்டில் போனாலும், கடைசி இருபது சதவீதம் மெதுவாக ஏறுவதையும் சேர்த்து, மூன்று மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். தூங்குகிற நேரம் ஏழு மணி. அரை மணியில் பாதி ஏறி யாருக்கு என்ன லாபம்?

டாக் வாங்குகிறவர் வாங்குவது வேகத்தை அல்ல, இடத்தை. இருட்டில் கை நீட்டினால் போன் அதே இடத்தில் இருக்கும். மெத்தைக்கடியிலோ தலையணைக்கடியிலோ போய்ச் சூடாகாது. கேபிளின் கழுத்து தினமும் மடங்கி உள்ளே கம்பி அறுவதும் நிற்கும். ஐஓஎஸ் 17-இல் வந்த ஸ்டாண்ட்பை வேறு இருக்கிறது, போனைப் படுக்கைவாக்கில் நிறுத்தினால் கடிகாரமாகிவிடும்.

கழற்றிப்பார்:
ஸ்டாண்ட்பைக்கு வயர்லெஸ் எதுக்கு? கேபிளில் சார்ஜ் ஆகிறப்பவே படுக்கைவாக்கில் நிறுத்தினா வருமே. 150 ரூபாய் ஸ்டாண்டே அதுக்குப் போதும்.

நீங்க தொடாம விட்ட விஷயம் சூடு. பேட்டரிக்கு 7.5 வாட் போய்ச் சேரணும்னா வழியில் மூணு, நாலு வாட் வீணாகும். அதில் ஒரு பங்கு டாக்கில், மிச்சம் போன் முதுகில். அந்த முதுகை ஒட்டித்தான் பேட்டரி உட்கார்ந்திருக்கு. ஆப்பிள் சொல்ற உபயோக வெப்பநிலையே 0 முதல் 35 டிகிரி. வேலூர், திருச்சி பக்கம் மே மாசம் ராத்திரி பத்து மணிக்கு ஏசி இல்லாத ரூம் 33, 34-இல் நிக்கும். அதுக்கு மேல இந்தச் சூடு. என்ன ஆகும்? 80 சதவீதத்தில் போனே சார்ஜை நிறுத்தி வெச்சுடும். காலைல எழுந்து பார்த்து ‘டாக் ரிப்பேர்’னு திருப்பி அனுப்புவாங்க. ரிப்பேர் இல்லை, போன் தன்னைக் காப்பாத்திக்குது.

லித்தியம் பேட்டரிக்கு ஆகாதது ரெண்டு: சூடு, நூறில் முழுசா நிக்கிறது. ராத்திரி பூரா வயர்லெஸ் டாக்கில் ரெண்டும் சேர்ந்து நடக்குது.

ஓம்விதி:
சூடு உண்மை. ஆனால் எல்லா டாக்கிலும் ஒரே அளவு இல்லை. சாதா பேடில் வீணாவதற்குப் பெரிய காரணம் காயிலுக்கு நேராகக் காயில் உட்காராதது. சில மில்லிமீட்டர் விலகினாலே வீண் கூடும், இன்னும் விலகினால் சார்ஜ் நின்று நின்று வரும். நள்ளிரவில் ஒரு அழைப்பு வந்து போன் அதிர்ந்து நகர்ந்தால் காலையில் 12 சதவீதத்தில் கிடக்கும். இதற்குத்தான் காந்த வளையம் வந்தது: 2020-இல் ஐபோன் 12-உடன் ஆப்பிள் கொண்டுவந்தது, 2023-இல் அதை அடிப்படையாக வைத்துப் பொதுத் தரமாக க்யூஐ2 அறிவிக்கப்பட்டது. நேராக உட்கார்ந்தால் வீணும் குறைவு, சூடும் குறைவு.

நூறில் நிற்பதற்கு மருந்து போனிலேயே இருக்கிறது. ஐபோன் 15-இலிருந்து 80 சதவீத வரம்பு வைக்கலாம். அமைப்புகள், பேட்டரி என்று உள்ளே போனால் கிடைக்கும். டாக்கில் இருக்கும்போது வீடியோ பார்ப்பதை விட்டாலே பாதிச் சூடு இல்லை.

கரண்ட் வீணாகிறதே என்று யாரும் கிளம்புவதற்கு முன் கணக்கு: ஒரு முழுச் சார்ஜுக்கு கேபிளில் 16, வயர்லெஸில் 22 வாட்-மணி என்று வையுங்கள். தினமும் 6 வித்தியாசம், வருடத்துக்கு 2.2 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றாலும் 22 ரூபாய். சும்மா செருகிக் கிடக்கும் டாக் 0.3 வாட் இழுத்தால் அதுவே வருடத்துக்கு 2.6 யூனிட். அணைக்காத சுவிட்ச்தான் அதிகம் தின்கிறது!

நட்டுபோல்ட்டு:
இவ்வளவு சண்டை எதுக்கு? நிமிர்ந்து நிக்கிற சி-பின் வெச்ச டாக் இருக்கே. போனை மேலிருந்து இறக்கினா முடிஞ்சது. வயர் சார்ஜ், வீண் இல்லை, சூடு இல்லை. ஐபோன் 15-க்கும் ஆகும், அந்த ஏ வரிசை போனுக்கும் ஆகும்.

கழற்றிப்பார்:
அண்ணே, அந்தப் பின் எவ்வளவு நீளம்? ஆறரை மில்லிமீட்டர் சொச்சம். போன் கவர் அடியில் ரெண்டு மில்லி தடிப்பா இருந்தா முழுசா இறங்காது. பாதி இறங்கின பின்னில் சார்ஜ் விட்டு விட்டு வரும். தவிர போர்ட்டுக்குள்ள இருக்கிற நாக்கு 0.7 மில்லிமீட்டர் தடிமன். கவரோட 200 கிராமை ஒட்டி எடையுள்ள, சுமார் 15 செ.மீ. உயரப் போன் அதன் மேல நிக்குது. கை பட்டுச் சாஞ்சா நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். உடையறது டாக்கோட பின்னா இருந்தா 600 ரூபாய், போனோட நாக்கா இருந்தா?

ஓம்விதி:
மின்சாரப் பக்கமும் சிக்கல் உண்டு. பின்னால் சி சாக்கெட், மேலே சி பின் என்றால் அந்த டாக் ஒரு நீட்டிப்புக் கேபிள்தான். சி-டு-சி நீட்டிப்பை யூஎஸ்பி விதிமுறை ஒப்புக்கொள்ளவே இல்லை. 3 ஆம்பியருக்கு மேல் போக கேபிளுக்குள் அடையாளச் சில்லு வேண்டும். நடுவில் டாக் வந்தால் அடாப்டர் அந்தச் சில்லோடு பேசுவது தடுமாறும். கேலக்ஸி எஸ் அல்ட்ராவின் 45 வாட் 25-க்கு இறங்கிவிடலாம். ஓப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் நிறுவனங்களின் சூப்பர்வூக் (அவர்களின் அதிவேக சார்ஜ் முறை) போன்கள் தங்கள் அடாப்டர், தங்கள் கேபிள் இரண்டையும் எதிர்பார்க்கும். நடுவில் யாராவது நுழைந்தால் சாதா சார்ஜுக்கு வந்துவிடும்.

மலிவு டாக்குகளில் இன்னொரு கூத்து. உள்வாங்கும் சாக்கெட்டில் 5.1 கிலோஓம் மின்தடை இரண்டு வைக்க வேண்டும். பைசாக் கணக்கில் மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுவார்கள். அப்புறம் சி-டு-சி கேபிளில் செருகினால் டாக் செத்த மாதிரி கிடக்கும், ஒரு முனை பழைய அகல யூஎஸ்பியாக இருக்கும் ஏ-டு-சி கேபிளில் மட்டும் உயிர் வரும். பெட்டியில் ஏ-டு-சி கேபிள் மட்டும் போட்டு ‘இதையே பயன்படுத்தவும்’ என்று எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். வயர்லெஸ் டாக்குக்கும் இது பொருந்தும்.

நட்டுபோல்ட்டு:
நல்லதாப் பார்த்து வாங்கினா இதெல்லாம் வராது. மூணு விஷயம்: முதுகுக்குச் சாய்மானம் இருக்கணும், பின் அடியில் ரப்பர் வெச்சு முன்னும் பின்னும் கொஞ்சம் அசையணும், பின்னோட உயரத்தைத் திருகி ஏத்த முடியணும். ஏ வரிசைக்கு 25 வாட்னா 3 ஆம்பியரே போதும், சில்லுப் பிரச்சினை வராது. அந்தப் போனுக்கு வேற என்ன டாக் இருக்கு, சொல்லுங்க.

கழற்றிப்பார்:
ஓட்டை வெச்ச ஸ்டாண்டு இருக்கு :)

உப்புக்காத்து:
யாரும் சொல்லாத ஒண்ணு. கடற்கரை ஊர்லயும் மழைக்காலத்துலயும் ‘போர்ட்டில் ஈரம்’னு எச்சரிக்கை வந்து போன் கேபிளை ஏத்துக்காது. அந்த நேரத்துல முதுகைத் துடைச்சு வயர்லெஸ்ல வெச்சா சார்ஜ் ஏறும், ஆப்பிளே சொல்றதுதான். அதுக்கு மட்டுமாவது வீட்டுல ஒரு பேட் இருக்கிறது நல்லது. மூணு சாதனம் எல்லாம் வேணாம்.

கழற்றிப்பார்:
இது நியாயம். ஒத்துக்கறேன். ஆனா ‘போர்ட் லூஸ்’னு சொல்லி வயர்லெஸுக்கு ஓடறவங்களுக்கு ஒரு வார்த்தை: பெரும்பாலும் அது சட்டைப்பைப் பஞ்சு. போனை அணைச்சுட்டு, மரப் பல்குச்சியால நாக்கோட ரெண்டு பக்கமும் மெதுவா கிளறுங்க. குண்டூசி, ஹேர்பின் கூடவே கூடாது. பஞ்சு வெளிய வந்ததும் கேபிள் ‘டக்’னு உட்காரும்.

மேசைவாசி:
நன்றி எல்லோருக்கும். கடையின் இணையப் பக்கத்தில் பெட்டியின் பின்புறப் படம் இருந்தது. ‘இன்புட் 9 வோல்ட், 2 ஆம்பியர்’. க்யூஐ2 முத்திரை இல்லை. கேபிள் ஏ-டு-சி. அடாப்டர் தனியாக வாங்க வேண்டும்.

ஓம்விதி:
அப்படியானால் இந்த டாக்கை நானே வேண்டாம் என்கிறேன். 9 பெருக்கல் 2, 18 வாட். மூன்று சாதனத்துக்கும் சேர்த்து உள்ளே நுழைவதே அவ்வளவுதான். வயர்லெஸ் வீண் போக மிஞ்சுவது 12-ஐ ஒட்டி. வாட்சும் ஏர்பாட்ஸும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்தால் போனுக்கு ஐந்து, ஆறுதான் மிச்சம். அதிகச் சுமையில் சில டாக்குகள் ஒன்றை நிறுத்தி ஒன்றை ஏற்றும். அப்போது போன் ராத்திரி முழுக்க ‘டிங் டிங்’ என்று கூப்பிடும்.

மூன்று சாதனம் என்றால் பார்க்க வேண்டியது: இன்புட் 9 வோல்ட் 3 ஆம்பியர் அல்லது அதற்கு மேல், 30 வாட் பிடி (யூஎஸ்பி பவர் டெலிவரி) அடாப்டர், க்யூஐ2 முத்திரை, வாட்சை வைக்கிற வட்டத்துக்கு ‘மேட் ஃபார் ஆப்பிள் வாட்ச்’ என்ற குறி. க்யூஐ2 என்று சொன்னால் வயர்லெஸ் பவர் கன்சார்ட்டியம் தளத்தில் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள், சான்று பெற்றவை அங்கே இருக்கும். அடாப்டரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், கீழே ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு என்று வந்துவிடும்.

அடிப்பாகம் கனமாக இருக்கட்டும். எடை குறைந்த காந்த டாக்கில் போனை இழுத்தால் டாக்கும் கூடவே எழுந்து வரும், அப்புறம் ஒரு கையால் எடுக்கிற சுகம் என்ன ஆச்சு?

கழற்றிப்பார்:
இப்ப கூட்டிப் பாருங்க. நல்ல டாக், 30 வாட் அடாப்டர்னு சேர்த்தா 2,499-ஓட ரெண்டு மடங்கைத் தொடும்.

என் வழி: வாட்ச் பெட்டியில் வந்த காந்த வட்டம் ஏற்கெனவே இருக்கு. அதைச் சொருகி வைக்கிற பிளாஸ்டிக் தாங்கி 200, 300 ரூபாய். ரெண்டு சி போர்ட் இருக்கிற அடாப்டர் ஒண்ணு. போன் கேபிள் ஓட்டை ஸ்டாண்டில். ஏர்பாட்ஸ் ப்ரோ 2-க்குத் தனி இடமே வேணாம், அதோட பெட்டி ஆப்பிள் வாட்ச் வட்டத்திலேயே சார்ஜ் ஆகும். வாட்ச் கழட்டின நேரத்தில் அதை வெச்சுக்கலாம்.

ஓம்விதி:
வாட்ச் வட்டத்தில் ஏர்பாட்ஸ் ஏறும் என்பது நல்ல புள்ளி, நான் விட்டுவிட்டேன். ஆனாலும் இருட்டில் சி-பின்னைத் தடவிச் சொருகுவதை டாக் என்று சொல்ல மாட்டேன். நடுவழி ஒன்று: மூன்று சாதன டாக்கை விட்டு, போனுக்கு மட்டும் ஒரு க்யூஐ2 ஸ்டாண்டு. 20 வாட் அடாப்டர் பிடி வகையாக, 9 வோல்ட் 2.2 ஆம்பியர் தருவதாக இருந்தால் ஒற்றை ஸ்டாண்டுக்குப் போதும். வாட்சுக்கு நீங்கள் சொன்ன தாங்கி.

எதை வாங்கினாலும் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சோதியுங்கள். போன் 30 சதவீதத்தில், வழக்கமான கவரோடு, திரையை அணைத்து, ஃபேன் போட்ட அறையில் அரை மணி நேரம். எத்தனை சதவீதம் ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே 30-இலிருந்து கவர் இல்லாமல். வித்தியாசம் பெரிதாக இருந்தால் குற்றம் டாக்கில் இல்லை, கவரில். காந்த வளையம் இல்லாத கவர் என்றால் பிடியும் தளரும். முதுகில் இரும்புத் தகடு ஸ்டிக்கர், மோதிரப் பிடி இருந்தால் முதலில் கழற்றுங்கள், அதுதான் சூடாகும். கார்டு வாலட்டையும் எடுத்துவிடுங்கள், காந்தப் பட்டை உள்ள அட்டை கெடலாம்.

உப்புக்காத்து:
பல டாக்குல நீல லைட்டு ஒண்ணு ராத்திரி பூரா கண்ணைக் குத்தும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு.

மேசைவாசி:
ஒற்றை ஸ்டாண்டு, வாட்ச் தாங்கி என்று முடிவு செய்கிறேன். கடைசியாக ஒன்று: ஏ வரிசை போனுக்குப் பின்னால் ஒட்டி, போர்ட்டில் செருகுகிற வயர்லெஸ் ரிசீவர் ஸ்டிக்கர் விற்கிறார்களே?

கழற்றிப்பார்:
வேணாம். பெரும்பாலும் 5 வாட்தான், கவருக்குள்ள மாட்டினா சூடு, போர்ட்டும் அடைஞ்சு போயிடும். 5000 எம்ஏஎச் பேட்டரி ஏற அஞ்சு மணி நேரம் போதாது.

நட்டுபோல்ட்டு:
அதுக்குத்தான் பின் டாக்.

கழற்றிப்பார்:
ஓட்டை ஸ்டாண்டு அண்ணே, ஓட்டை ஸ்டாண்டு.