காப்பிக் கொட்டை வாங்கி ஏமாந்ததும் தேறுனதும், உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நல்ல காப்பிக் கொட்டை எங்க கிடைக்கும், எந்த பிராண்டு வாங்கலாம்னு நிறைய பேர் கேக்குறாங்க. பேரைச் சொல்றதை விட, வாங்கும்போது நாம பட்டது என்ன, அதுல தெரிஞ்சுக்கிட்டது என்னன்னு எழுதுனா புதுசா வாங்குறவங்களுக்கு இன்னும் உபயோகமா இருக்கும்னு தோணுச்சு. நானே ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

காப்பிக் கொட்டை அரைக்கிற கிரைண்டர் வாங்குன கையோட ஒரு கிலோ கொட்டை வாங்குனேன். கறுப்பு பாக்கெட், தங்க எழுத்துல பிரீமியம், கீழ 100 சதவீதம் அராபிகா, ஒரு மலைப் படம். ஆசையா அரைச்சுப் போட்டுக் குடிச்சா கசப்பு மட்டும் இருக்கு, மணமே இல்ல, நனைஞ்ச அட்டையை மோந்த மாதிரி ஒரு வாடை. நம்ம கைதான் சரியில்லன்னு முடிவு பண்ணிட்டேன். தண்ணிய மாத்துனேன், நைசா அரைச்சேன், கொரகொரன்னு அரைச்சேன், கிராம் தராசு வாங்குனேன், தெர்மாமீட்டர் வெச்சு 92 டிகிரி 96 டிகிரின்னு மாத்தி மாத்தி ஊத்திப் பாத்தேன். ஒரு மாசம் இதே வேலை, கொட்டை மேல மட்டும் சந்தேகமே வரல.

அப்புறம் காப்பி வறுத்து விக்கிற ஒரு அக்காகிட்ட அந்தப் பாக்கெட்டையே எடுத்துட்டுப் போனேன். அவங்க கேட்ட முதல் கேள்வி, "எப்ப வறுத்தது தம்பி இது?" பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பாக்குறேன், பெஸ்ட் பிஃபோர் தேதிதான் இருக்கு, அதுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு. "அது கெட்டுப் போகாதுன்னு போடுற தேதிப்பா, வறுத்த தேதி போட்டிருக்கான்னு பாரு"ன்னாங்க. எங்கயும் இல்ல.

ரெண்டு கிளாஸ்ல ஒரே அளவு, ஒரே அரைப்பு, ஒண்ணுல அவங்க வறுத்து ஒரு வாரம் ஆன தூள், இன்னொண்ணுல என்னோடது. ரெண்டுலயும் சுடுதண்ணி ஊத்துனாங்க. அவங்க தூள் அப்படியே உப்பி மேல எழும்பி குமிழி குமிழியா வந்துச்சு, மணம் அடுத்த ரூம் வரைக்கும் போயிருக்கும். என்னோடது ஈர மண்ணு மாதிரி அப்படியே கெடந்துச்சு. வறுக்கும்போது கொட்டைக்குள்ள கார்பன் டை ஆக்ஸைடு உண்டாகுமாம், அது கொஞ்சம் கொஞ்சமா வாரக்கணக்குல வெளிய போகும், போகப் போக மணமும் கூடவே போயிரும், காத்துல இருக்குற ஆக்சிஜன் மிச்சத்தைக் கெடுத்துரும். முழுக் கொட்டையா இருந்தா வறுத்து நாலஞ்சு வாரம் வரைக்கும் நல்லா இருக்கும், அரைச்சுட்டா அதுல இருந்து நிமிஷக் கணக்குதான். அந்த ஒரு கிளாஸ்ல ஒரு மாசக் கேள்விக்கும் பதில் கிடைச்சிருச்சு.

அதோட விடல. ஒரு வெள்ளைத் தட்டுல என் கொட்டையைக் கொட்டி ஜன்னல் வெளிச்சத்துல வெச்சுப் பொறுக்கச் சொன்னாங்க. உடைஞ்சது ஒரு பக்கம், ஊசி குத்துன மாதிரி பொடி ஓட்டை போட்டது ஒரு பக்கம், அது பூச்சி துளைச்சது. மத்ததெல்லாம் பழுப்பா இருக்கும்போது வெளிறிப் போய் மஞ்சளா நிக்கிறது ஒரு பக்கம். அந்த வெளிறுனதுல ஒண்ணைக் கடிச்சுப் பாருன்னாங்க. பழைய வேர்க்கடலைத் தோல் மாதிரி, வாயெல்லாம் காஞ்சு போச்சு. பழுக்காத காயைப் பறிச்சா அதுல சர்க்கரை ஏறியிருக்காது, அதனால எவ்வளவு வறுத்தாலும் நிறம் ஏறாது, குவேக்கர்னு பேரு அதுக்கு. பத்து நிமிஷத்துல தட்டு ஓரத்துல சொத்தையே ஒரு கைப்பிடி சேந்துருச்சு. அன்னில இருந்து எந்தப் பாக்கெட் வாங்குனாலும் முதல் வேலை தட்டுல கொட்டிப் பாக்குறதுதான்.

* * *

அண்ணா, எனக்கு நேர் எதிரா நடந்துச்சு. புதுசா இருந்தா போதும்னு முந்தின நாள் வறுத்ததைத் தேடி வாங்கிட்டு வந்து அன்னிக்கு சாயங்காலமே எஸ்பிரெஸ்ஸோ போட்டேன். நுரை நுரையா வழியுது, குடிச்சா நாக்கைக் கடிக்கிற புளிப்பு, அடுத்த நாளும் அதே. கொட்டையே மட்டம்னு மூடி அலமாரில வெச்சுட்டேன். பத்து நாள் கழிச்சு வேற கொட்டை தீந்து போச்சேன்னு அதையே எடுத்துப் போட்டா நம்பவே முடியல, தேன் மாதிரி ஒரு இனிப்பு பின்னாடி வருது. வறுக்கும்போது உண்டான அந்த கேஸ் கொட்டைக்குள்ள நிறைய இருந்தா தண்ணி தூளுக்குள்ள சரியா எறங்காதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. எஸ்பிரெஸ்ஸோன்னா ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரம், மேல ஊத்தி வடிக்கிறதுன்னா நாலஞ்சு நாள் ஆற விடுறேன் இப்ப. பாதி பாக்கெட்டை அவசரத்துல வீணாக்கிட்டோமேன்னு இன்னும் மனசு அடிச்சுக்குது.

* * *

எண்ணெய் மினுமினுப்பு பத்தி யாரும் சொல்லலையே. நான் ரொம்ப நாள் பளபளன்னு இருந்தாத்தான் ஃபிரெஷ்னு நெனச்சு அதையே பொறுக்கி வாங்கிட்டு இருந்தேன். கொட்டையை ரொம்பக் கறுக்க வறுத்தா உள்ள இருக்குற எண்ணெய் வெளிய கசியும், அவ்வளவுதான் அந்த மினுமினுப்பு. வெளிய வந்த எண்ணெய் காத்து பட்டு சீக்கிரமே சிக்கு வாடை அடிக்க ஆரம்பிச்சிரும். என் கிரைண்டர்ல மேல கொட்டுற கிண்ணம் பூரா பிசுபிசுன்னு ஒட்டி, ஒரு நாள் கொட்டை கீழ எறங்காம நின்னே போச்சு. கழட்டி பிரஷ் போட்டு தேய்க்கும்போது அந்தக் காறல் வாடை விரல்ல ரெண்டு நாள் இருந்துச்சு. கறுக்க வறுத்தது பிடிக்கும்னா தாராளமா வாங்குங்க, எனக்கும் பிடிக்கும், ஆனா கொஞ்சமா வாங்கி சீக்கிரம் தீத்துருங்க. மிதமா வறுத்த கொட்டை மேல எண்ணெய் சொட்டச் சொட்ட இருந்தா மட்டும் வெச்சுட்டு வந்துருங்க, அது பழசு.

* * *

100 சதவீதம் அராபிகாங்கறதை நம்பி ஏமாந்த கட்சில நானும் உண்டு. அராபிகாங்கறது செடியோட வகை, தரத்துக்கு அது சர்டிஃபிகேட் இல்ல. மட்டமான அராபிகாவும் இருக்கு, இன்னொரு வகையான ரோபஸ்டால பாத்துப் பாத்துப் பறிச்ச அருமையான கொட்டையும் இருக்கு. கொட்டையைப் பாத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம், அராபிகா நீள்வட்டமா இருக்கும், நடுக்கோடு நெளிஞ்சு போகும், ரோபஸ்டா உருண்டையா இருக்கும், கோடு நேரா இருக்கும். ரோபஸ்டால கஃபீன் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதான் அந்தக் கசப்பும் தூக்கலும்.

நான் சொல்ல வந்தது இன்னொண்ணு. ஹவாய்ல கோனாங்கற இடத்துல விளையுற கோனா காப்பின்னு கேள்விப்பட்டு ஆசைப்பட்டு நல்ல விலை குடுத்து ஒரு பாக்கெட் வாங்குனேன். பெருசா கோனா, அதுக்குக் கீழ பொடி எழுத்துல பிளெண்ட், அதாவது கலவை. நான் அந்த பிளெண்டைக் கண்டுக்கவே இல்ல. ஹவாய்ல உள்ள சட்டப்படி 10 சதவீதம் கோனா இருந்தாலே கோனா பிளெண்டுன்னு போட்டுக்கலாம்னு பின்னாடி படிச்சேன், மிச்சம் 90 எங்க விளைஞ்சதா வேணா இருக்கலாம். அங்க கோனா பயிர் பண்றவங்களே இதை எதிர்த்து வருஷக்கணக்கா போராடி, 2024ல சட்டத்தை மாத்தி 2027ல இருந்து 51 சதவீதம் ஆக்கியிருக்காங்க. தன் நிலத்துல விளைஞ்சதோட பேரை அடுத்தவன் கொட்டைக்குப் போட்டு வித்தா அவங்களுக்கு எப்படி வலிக்கும். பேரு பெருசா இருக்குற பாக்கெட்ல பொடி எழுத்தைத்தான் முதல்ல படிக்கணும், தயவுசெஞ்சு படிங்க.

* * *

ஃபிரிட்ஜ்ல வெச்சு ரெண்டு பாக்கெட் போச்சு. தினம் எடுத்து எடுத்து வெக்கும்போது ஈரம் கோத்துக்கிச்சு, உள்ள இருந்த மத்த வாடையும் ஏறிடுச்சு. இப்ப ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வெளிச்சம் படாத டப்பால, மிச்சத்தைச் சின்னச் சின்னதா காத்து போகாம கட்டி ஃபிரீசர்ல. எடுத்தா ரூம் சூட்டுக்கு வந்தப்புறம்தான் பிரிப்பேன்.

ஒரு சந்தேகம், ஏஏன்னு போட்டிருந்தா அது முதல் தரமா? பீபெரின்னா?

* * *

ஏஏங்கறது கொட்டையோட சைஸ்தான் அக்கா. ஓட்டை போட்ட சல்லடைல சலிப்பாங்க, ஓட்டையோட அளவு ஒரு அங்குலத்துல 64ல எத்தனை பங்குன்னு கணக்கு, கென்யால 17, 18 நம்பர் சல்லடைல நிக்கிறது ஏஏ. எல்லாம் ஒரே சைஸா இருந்தா வறுக்கும்போது ஒரே சீரா வரும், பெருசா இருக்குறது ருசிக்கு கேரண்டி இல்ல. பீபெரிங்கறது ஒரு பழத்துக்குள்ள ரெண்டு கொட்டைக்குப் பதிலா உருண்டையா ஒத்தைக் கொட்டை வர்றது. தரத்துக்குன்னா 100க்கு 80 மார்க்காவது வாங்குனாத்தான் ஸ்பெஷாலிட்டின்னு சொல்வாங்க, பச்சைக் கொட்டைல 350 கிராம் எடுத்துப் பரப்பி பெரிய குறை ஒண்ணு கூட இல்லைன்னு பாத்து, அப்புறம் வறுத்து அரைச்சு சுடுதண்ணி ஊத்திக் குடிச்சுத்தான் மார்க் போடுவாங்க. அந்தக் காப்பி வறுக்குற அக்கா என்னைத் தட்டுல பொறுக்க வெச்சது ஏன்னு அதைப் படிச்சப்போதான் புரிஞ்சுது.

நான் இப்ப 250 கிராமுக்கு மேல வாங்குறதே இல்ல. வறுத்த தேதி, எந்த ஊர் எந்தத் தோட்டம், எத்தனை மீட்டர் உயரம், கழுவிக் காய வெச்சதா பழத்தோடயே காய வெச்சதா, இவ்வளவும் பாக்கெட்ல எழுதியிருந்தா அந்தக் கொட்டையை வித்தவருக்கு அது எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியும்னு அர்த்தம், அந்தத் தைரியத்துல வாங்குவேன். போன தடவை எத்தியோப்பியாவோட யிர்கசெஃபேங்கற ஊர்க் கொட்டை, கழுவுனது, மிதமா வறுத்தது. அரைச்ச உடனே மல்லிப்பூ மணம். யாராவது பக்கத்துல பூ வெச்சிருக்காங்களான்னு திரும்பிப் பாத்தேன், நிஜமா. உடனே அந்த அக்காவுக்கு போன் போட்டு அரை மணி நேரம் பேசுனேன், அவங்களுக்கு என்னை விட சந்தோஷம்.

ஃபிரீசர் போட்ட அக்கா, எத்தனை வாரம் வரைக்கும் வெச்சுப் பாத்தீங்க? இந்த யிர்கசெஃபேல இன்னொரு பாக்கெட் வாங்கி வெக்கலாமான்னு யோசிக்கிறேன், அடுத்த அறுவடை வர்ற வரைக்கும் இது கிடைக்காதாம்.