கல்யாணப் படம் யாருக்குச் சொந்தம்? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

25 வருடமாகக் கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கிறேன். போன வருடம் ஒரு படம் அமைந்தது. தாலி ஏறியதும் மணப்பெண் திரும்பி, கூட்டத்தில் தன் அப்பாவைத் தேடுகிறார். எனக்கே பிடித்துப்போய், பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஸ்டூடியோ வாசலில் மாட்டினேன்.

ஒரு மாதம் கழித்துப் பெண்ணின் தம்பி வந்தார். சத்தம் போடவில்லை. "அண்ணே, அதைக் கழட்டிருங்க" என்றார்.

"நான் எடுத்த படம் தம்பி."

"காசு நாங்கதானே கொடுத்தோம்?"

எனக்குச் சுருக்கென்றது. தெரிந்த வக்கீலிடம் கேட்டால், அவரும் தம்பி பக்கம்தான். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவு. படம் எடுத்தவர்தான் அதன் ஆசிரியர்; ஆனால் ஒருவர் சொல்லி, அவர் காசில் எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை அவருக்கே. என் அட்வான்ஸ் ரசீதில் இருந்தது தேதி, மண்டபம், ஆல்பம் சைஸ், அவ்வளவுதான். கழற்றிவிட்டேன். இப்போது ரசீதில் இதற்கென்று ஒரு வரி இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது பாதிப் பேர் அதைப் படிப்பதில்லை, அது வேறு கதை.

இதில் வேடிக்கை, அதே நாள் மண்டப வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த பாட்டியையும் எடுத்திருந்தேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை, யாரும் காசு தரவில்லை. அதனால் அது முழுக்க என்னுடையதாம்! விடிய விடியக் கால் கடுக்க நின்று எடுத்தது என்னுடையதில்லை, டீ குடிக்கப் போன வழியில் எடுத்தது என்னுடையது.

* * *

போட்டோக்கார நண்பர் எடுத்த அந்தப் பாட்டி மாதிரிதான் என் அப்பாவும். வயல் வரப்பில் உட்கார்ந்திருந்தவரை யாரோ கார்க்காரர் எடுத்துக்கொண்டு போனார். அப்பாவும் சிரித்துக்கொண்டு போஸ் கொடுத்தார். ரெண்டு வருடம் கழித்துப் பேருந்து நிலையத்தில் மூட்டுவலித் தைல விளம்பரத்தில் அப்பா! அவருக்கு மூட்டுவலியே கிடையாது. ஊரில் எல்லோரும் "இப்ப வலி எப்படி இருக்கு?" என்று விசாரித்ததில்தான் மனிதர் நொந்துபோனார்.

நண்பருக்கு ஒன்று சொல்கிறேன். படம் உங்களுடையதாகவே இருக்கட்டும், பாட்டியின் முகம் உங்களுடையதில்லை. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவது பற்றி நக்கீரன் பத்திரிகை போட்ட வழக்கில், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று 1994-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இது எங்களுக்குத் தெரியவந்தபோது அந்த விளம்பர போர்டையே மாற்றிவிட்டிருந்தார்கள். அப்பாவும் "விடுப்பா" என்றுவிட்டார்.

* * *

என்னுடையது சின்ன விஷயம். தாத்தா பாட்டி ஜோடியாக நிற்கும் ஒரே படம் மழையில் நனைந்து வீணானது. எடுத்த ஸ்டூடியோக்காரர் கடையை எப்போதோ மூடிவிட்டார். வீடு தேடிப் போனேன். பிஸ்கட் டப்பா டப்பாவாக நெகட்டிவ், ஒவ்வொரு உறையிலும் பென்சிலில் தேதி. அரைமணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தார். எவ்வளவு என்று கேட்டேன்.

"காசெல்லாம் உங்க தாத்தா அன்னைக்கே குடுத்துட்டாரு. பிரிண்ட் போட்டா எனக்கும் ஒண்ணு குடுங்க."